எல்லைப்புற ஊர்களில் நூலகமும் உடல்நலமும்

கோயம்புத்தூரிலிருந்து தென்மேற்கே பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றால் வேலந்தாவளம் என்னும் எல்லை ஊர் வரும். அதைக் கடந்ததும் கடைப் பலகைகளில் மலையாள எழுத்து தென்படத் தொடங்கும். ஆயினும் கடைக்குள்ளே கேட்கும் பேச்சு தமிழ்ப் பேச்சே. இப்பகுதிதான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த வடகரப்பதி. பழைய நாளில் சித்தூர் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. சுற்றியிருந்த மலபாரும் கோயம்புத்தூரும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவ்வூர்கள் கேரளத்தில் அடங்கின. மக்கள் இடம் பெயரவில்லை. எல்லைக் கோடுதான் பெயர்ந்தது. ஊரை விட்டுப் புறப்பட்டு வெளி மாநிலம் சேர்ந்த நமக்கும், ஊரிலேயே இருந்துகொண்டு வெளி மாநிலத்தவரான அவர்களுக்கும் ஒருவகை உறவு உண்டு என்று சொல்லலாம்.

கேரளம் என்றவுடன் மழையும் ஆறும் காயலும் நம் நினைவுக்கு வருகின்றன. வடகரப்பதியைப் பார்த்தவர் அவ்வாறு நினைக்கமாட்டார். அம்மாநிலத்தில் சராசரியாக ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. மலையின் மறைவில் அமைந்த கிழக்குச் சித்தூர்ப் பகுதிக்கோ அதில் பாதியும் கிட்டுவதில்லை. தென்னையும் நிலக்கடலையும் வானம் பார்த்து நிற்கும் பூமி அது. கோடை முற்றினால் லாரியில் வரும் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டும். ஆகவே அங்கே உடல்நலத்தைப் பற்றிப் பேச வேண்டுமாயின் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவளுடைய மகனுக்கு ஏழு அல்லது எட்டு வயது. பால் பற்கள் விழுந்து புதிய பற்கள் முளைக்கின்றன. முளைத்த பற்களில் சுண்ணாம்பு பூசினாற்போல வெண்மையான திட்டுகள். சில மாதங்களில் அவை பழுப்பு நிறம் கொள்கின்றன. பல் துலக்காத சோம்பேறி என்று பையனை வீட்டார் கடிந்துகொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி சாம்பலால் தேய்க்கச் சொல்கிறாள். இன்னொருத்தி, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள். தாயும் அவ்வாறே செய்கிறாள். அவள் மேல் குற்றம் உண்டோ? தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று நம் வானொலியே பல்லாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறது. காலராவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மஞ்சட்காமாலைக்கும் அது மிகச் சரியான அறிவுரை.

ஆனால் இந்தத் திட்டுகளுக்குக் காரணம் கிருமியன்று. பாறைகளில் அடங்கியுள்ள ஃப்ளோரைடு என்னும் உப்பு நிலத்தடி நீரில் சிறிது சிறிதாகக் கரைகிறது. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் பல இடங்களில் அது அளவுக்கு மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் ஒன்றரை மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது நம் நாட்டுத் தர அளவு. அதற்கு மேற்பட்ட நீரை முதல் எட்டு வயதுக்குள் குடித்து வளரும் குழந்தையின் பல் கறைபடும். மிக அதிகமாக உள்ள நீரைப் பல்லாண்டுகள் குடித்தவர்க்கு எலும்பும் மூட்டும் விறைத்து முதுகு வளையும். நோயும் புதியதன்று. 1937ஆம் ஆண்டிலேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் மருத்துவர்கள் இதனைக் கண்டு எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதே துன்பத்தைக் குறைப்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, எஞ்சிய நீரில் அதன் செறிவு ஏறவே செய்யும். அன்போடும் அக்கறையோடும் ஒரு தாய் செய்யும் காரியம் தன் பிள்ளைக்கு எதிராகவே முடிகிறது. அவள் அறிய வேண்டியவை மிகச் சிலவே. தன் வீட்டுக் கிணற்று நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அளவு மிகுந்திருந்தால் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது வேறு நீர் தேட வேண்டும். கூரையிலிருந்து தூய்மையாகப் பிடித்த மழைநீரில் ஃப்ளோரைடு இல்லை. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை என்று ஒன்று உண்டு. இவ்வளவும் ஒரே தாளின் இரு பக்கங்களில் அடங்கிவிடும். அந்தத் தாள் அவளுக்கு எங்கே கிடைக்கும் என்பதே நமது கேள்வி.

மருத்துவர் சொல்லலாம். ஆனால் கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு அவர் ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடங்களே. மேலும் நோய் வந்த பின்னரே அவரிடம் போகிறோம். கைபேசியைக் கேட்கலாம். அது நூறு விடைகளைத் தரும்; அவற்றுள் எது மெய், எது மருந்து விற்பவன் எழுதியது என்று பிரித்துக் காட்டாது. நடந்து போகும் தொலைவில், காசு கேட்காமல், தாய்மொழியில், நேற்றுக் கேட்டதை இன்று மறுபடியும் கேட்டாலும் முகம் சுளிக்காத ஓர் ஆள் இருக்கும் இடம் வேண்டும். நல்ல ஊர் நூலகம் அப்படிப்பட்ட இடமே. நோயைக் கண்டறிவது நூலகரின் வேலையன்று. மருந்து சொல்லவும் அவருக்கு உரிமை இல்லை. இந்த ஐயத்துக்கு இந்தப் பக்கத்தைப் பாருங்கள், இதற்கு மேல் மருத்துவரைக் கேளுங்கள் என்று சொல்வதே அவர் பணி. ஊரார் அறிந்தவர் அவர். தவறான நூலை எடுத்துக் கொடுத்தால் மறுநாள் அவரையே கேட்கலாம். கைபேசியில் வந்த செய்தியை அனுப்பியவன் யாரென்று எவரைக் கேட்பது?

நூலகத்தை மக்களிடம் கொண்டு செல்வதில் தமிழர் பிறர்க்குப் பின்தங்கியவர் அல்லர். சீர்காழியில் பிறந்த அரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது நூலகச் சட்டம் அதுவே. கேரளத்தில் கதை வேறு விதமாக நடந்தது. அங்கே இயக்கம் முந்தியது, சட்டம் பிந்தியது. 1945இல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கரின் முயற்சியால் 47 நூலகங்கள் ஒன்று கூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தை அமைத்தன. சட்டம் 1989இல்தான் வந்தது. இன்று மாநில நூலக மன்றத்தோடு இணைந்த ஊர் நூலகங்கள் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவை. பெரும்பாலானவை ஊரார் தாமே இடம் தேடிக் கட்டியவை. வாயனசாலை என்று அங்குள்ளோர் சொல்லும் அந்த ஓட்டு வீட்டில் மாலை நேரத்தில் செய்தித்தாளைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதை அம்மாநிலத்தில் வாழ்ந்த எவரும் பார்த்திருப்பார்.

பத்துப் பேரும் ஆண்களாக இருப்பதையும் பார்த்திருப்பார்! வீட்டில் தண்ணீரைக் கையாள்வதும், காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதும் பெண்கள். செய்தித்தாளுக்கு முன்னால் அமர்ந்திருப்பவரோ ஆடவர். இக்குறையை உணர்ந்தே, பெண் நூலகர் ஒருவர் நூல்களைப் பையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் ஏற்பாட்டைக் கேரள நூலக மன்றம் செய்தது. உடல்நலத்தைப் பொறுத்தவரை அந்தப் பை பல அலமாரிகளுக்கு ஈடு என்பது நம் எண்ணம். மாதவிடாயைப் பற்றியும் கருப்பையைப் பற்றியும் ஒரு பெண் வாயனசாலைக்கு வந்து நூல் கேட்கமாட்டாள். வாசற்படியில் நிற்கும் இன்னொரு பெண்ணிடம் மெதுவாகக் கேட்பாள்.

அந்தப் பையில் என்ன மொழி நூல் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. வடகரப்பதியில் இக்கேள்வி கூர்மையானது. வீட்டிலே தமிழ், அலுவலகத் தாள்களிலே மலையாளம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் வந்தது. அதன்படி தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதலாம். அரசும் அம்மொழியில் விடை தரவேண்டும். விண்ணப்பத்துக்கு அது போதும். ஆனால் உடல்நல அறிவு விண்ணப்பம் எழுதிப் பெறும் பொருளன்று. சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் போகிற போக்கில் படித்துத் தெரிந்துகொள்வது அது. மலையாளம் பேசத் தெரிந்த தமிழ் மூதாட்டிகள் எல்லை ஊர்களில் பலர் உண்டு. படிக்கத் தெரிந்தவர் அத்தனை பேர் இல்லை. மருந்தை உணவுக்கு முன்னா பின்னா சாப்பிடுவது என்பதில் ஒரு சொல் மாறினாலும் தீங்குண்டு. மலையாளத்தில் 1962 முதல் சாஸ்திர சாகித்திய பரிஷத்து அறிவியலை ஊர்தோறும் கொண்டு சென்று அரும்பணி ஆற்றியது. தமிழில் கோவையிலிருந்து கலைக்கதிர் வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நூல்களை வெளியிட்டது. ஆனால் மாநில எல்லைக்கு அப்பால் இருபது கிலோமீட்டரில் உள்ள தமிழ் வாசகருக்கு அவை தாமாகவே சென்று சேர்ந்துவிடா. ஒரு நூலகர் கேட்டு வாங்கி வைத்தாலன்றி அவை அங்கில்லை.

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று ஐயுறுவோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுவோம். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் அமர்ந்து தமிழ் கற்று, உடற்கூறும் மருத்துவமும் பற்றிய நூல்களைத் தமிழாக்கி, இளைஞர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். அது நடந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. மருத்துவர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதைப் பற்றி மெக்சிகோ நாட்டு மலைவாழ் மக்களுக்காக டேவிட் வெர்னர் எழுதிய பெரும் புகழ் பெற்ற நூலும் தமிழில் பெயர்க்கப்பட்டுள்ளது. குறை மொழியில் இல்லை. நூல் இருக்கும் ஊருக்கும் நூல் வேண்டும் ஊருக்கும் இடையிலே பாதை இல்லாததுதான் குறை.

வதந்திக்கு மட்டும் பாதை எப்போதும் உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, ஊசியால் குழந்தைகளுக்குத் தீங்கு நேரும் என்ற பொய்ச் செய்திகள் வாட்ஸ்அப்பில் பரவின. பல பெற்றோர் அஞ்சிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினர். கேரளத்தில் அதே இயக்கம் அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிற்று. அங்கும் மலப்புறம் போன்ற இடங்களில் எதிர்ப்பைச் சந்தித்தது. இடையில் எட்டு மாதங்கள். பொள்ளாச்சியில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எல்லை ஊர்களுக்குத் தமிழ் வதந்தி ஊசிக்கு முன்னதாகவே போயிருக்கும் என்று கருதுவதில் பிழையில்லை. அந்த எட்டு மாதங்களில் ஊர் நூலகத்தில் ஒரு மாலை, சுகாதார நிலையச் செவிலியரை அழைத்து உட்கார வைத்து, கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்று ஊராரிடம் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! கருவுற்ற தாய்க்கு ருபெல்லா கண்டால் பிறக்கும் குழந்தைக்குக் கண்ணோ காதோ இதயமோ பழுதுபடலாம் என்பதை அமைதியாக விளக்கினால் எதிர்வாதம் செய்யும் பாட்டி யாரும் இல்லை. அச்சத்தை ஏளனம் செய்தால்தான் அது பிடிவாதமாகிறது.

நூலகத்தைப் போற்றிப் பேசும்போது அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். பழைய நூலைத் தூக்கி எறிய நமக்கு மனம் வருவதில்லை. இலக்கியத்தில் அது நற்குணம், மருத்துவத்தில் ஆபத்து. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டு, கத்தியால் கீறு, இரத்தத்தை உறிஞ்சித் துப்பு என்று முதலுதவி நூல்கள் ஒரு காலத்தில் எழுதின. இவை மூன்றும் தீங்கு என்று இன்று அறிவோம். இறுகக் கட்டினால் காலே அழுகக்கூடும். கீறினால் இரத்தம் நிற்காது. கடியுண்டவரைத் தேற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விரைந்து நஞ்சு முறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போவதே முறை. அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சைத் தருவதில் சென்னைக்கு அருகே 1978இல் அமைந்த இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு என்பது தமிழர்க்குப் பெருமை. வயலும் வரப்புமான பாலக்காட்டில் நன்கொடையாக வந்த அறுபது ஆண்டுப் பழம் நூல் ஒன்று முதலுதவி வரிசையில் நின்றுகொண்டிருந்தால், அது நூலன்று, அதுவும் ஒரு பாம்பே.

வயிற்றுப்போக்குக்கும் இதே கதைதான். குழந்தைக்குத் தண்ணீர் கொடாதே என்றனர் முன்னோர். 1971இல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானோர் உயிரைக் காத்துக் காட்டினார். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் கேடு. இந்த அளவு எந்த நூலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை நூலகர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும்.

அச்சிட்ட நூல் எல்லாம் இருந்தாலும், வடகரப்பதித் தாய்க்கு வேண்டிய ஒன்று எந்தப் பதிப்பகத்திலும் கிடைக்காது. அது அவள் கிணற்றின் கணக்கு. இதன் அருமையைக் கற்பித்த ஊர் அதே சித்தூர் வட்டத்தில் இருக்கிறது. பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டு ஒரு குளிர்பான ஆலை நிறுவப்பட்டது. கிணற்று நீர் குறைந்து சுவை கெட்டதை நாக்கால் அறிந்த பழங்குடி மக்கள், மயிலம்மா முதலிய பெண்களை முன்னிட்டு, 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கினர். உரமென்று சொல்லி உழவர்க்குக் கொடுத்த ஆலைக் கழிவில் ஈயமும் காட்மியமும் இருந்ததை 2003 ஜூலையில் உலகுக்குச் சொன்னது பிரிட்டிஷ் வானொலி. மாதிரி சோதிக்கப்பட்டதோ இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில்! ஆலையார் மறுத்தனர், வெவ்வேறு சோதனைகள் வெவ்வேறு அளவைக் கூறின. 2004 மார்ச்சில் ஆலை இயக்கம் நின்றது. வழக்கின் நியாயங்கள் ஒருபுறம் இருக்கட்டும். தம் வாசலில் கொட்டிய மண்ணில் என்ன இருக்கிறது என்பதை அறிய அவ்வூரார் கடல் கடந்த செய்திக்காகக் காத்திருக்க நேர்ந்ததே, அதைத்தான் நாம் நினைக்கிறோம். பஞ்சாயத்தோ நீர்த்துறையோ ஊர்க் கிணறுகளைச் சோதிக்கும்போதெல்லாம் அறிக்கையின் படி ஒன்று ஊர் நூலகத்துக்கு வர வேண்டும். தமிழில் ஒரு பக்கமும் மலையாளத்தில் ஒரு பக்கமுமாக அது அங்கே தொங்க வேண்டும்.

கிராமத்தார் படிப்பார்களா என்று கேட்பவர்களைப் பாலக்காட்டிலிருந்து தெற்கே இடுக்கி மலைக்கு அழைத்துச் செல்வோம். அங்கும் தேவிகுளம், பீர்மேடு பக்கங்களில் தேயிலைத் தோட்டத் தமிழர் மிகுதி. மூணாறுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் இடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து ஆயிற்று. அங்கு வாழும் முதுவர் பேசுவது தமிழைச் சார்ந்த மொழி. இருப்புக்கல்லுக்குடி என்ற குடியிருப்பில் சின்னத்தம்பி என்னும் முதியவர் தம் தேநீர்க் கடையிலேயே 160 நூல்களைக் கொண்டு ஒரு நூலகம் நடத்தினார். ஆசிரியர் முரளீதரன் துணை நின்றார். பத்திரிகையாளர் சாயிநாத் காட்டு வழியே நடந்து சென்று கண்டு 2014இல் எழுதியதால் உலகம் அறிந்தது. நூல் பெற்றவர் பெயர்கள் ஏட்டில் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன. சிலப்பதிகாரத்தின் மொழிபெயர்ப்பும் இரவல் போயிருந்தது. சிலப்பதிகாரம் படித்த ஊருக்கு நீரைப் பற்றிய இரண்டு பக்கத் தாள் பெரும் பாரமோ?

நாம் இதனைத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருக்கும் தமிழர்களுக்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊரிலிருந்து தாயை அழைத்து வந்து நகரத்து மருத்துவமனையில் காட்டியவர்கள் நம்மில் பலர். இந்தியிலோ மராத்தியிலோ அச்சிட்ட அறிவுரைத் தாளை அந்த அம்மா கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததையும் பார்த்திருக்கிறோம். 1946இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கத்திலும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்திலும் நல்ல நூலகங்கள் உள்ளன. அங்கே கதைக்கும் கவிதைக்கும் பக்கத்தில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஒரு தட்டு ஒதுக்கச் சொல்லிக் கேட்பது பெரிய காரியமன்று.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊர் போகிறவர்கள் வழியில் கோயம்புத்தூரில் இறங்கி நூற்கடைக்குள் நுழைவது வழக்கம். வேலந்தாவளம் வழியாகவோ பொள்ளாச்சி வழியாகவோ எல்லைக்கு அப்பால் உறவினர் வீட்டுக்குச் செல்வோர், அங்குள்ள வாயனசாலைக்கு எந்த நூல் தேவை என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிக் கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்பு, முதலுதவி என்று அவர் ஏதேனும் சொல்வார். கடையில் அதை எடுத்தவுடன் அட்டையைப் பார்க்க வேண்டாம். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பதிப்பாண்டு அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, பாம்புக்கடிக்கு என்ன சொல்லியிருக்கிறது என்றும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, பிறகு விலை கொடுப்போம்.